ஐந்து சதவீத பிரேக்

"நிக்கிற வேலைய விட்டுடுங்கம்மா" என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், பெட்ஷீட் தேய்க்கும் உருளை மெஷினுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாக நிற்கிறவள் நான். ஈரத் துணியின் ஒரு முனையை நானும் மறுமுனையைப் பக்கத்தில் நிற்பவளும் பிடித்து, ஒரே நேரத்தில் நேராக உள்ளே கொடுக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் மடிப்பு விழுந்துவிடும். மறுபடி நனைக்க வேண்டியதுதான். இதை உட்கார்ந்து செய்ய எந்த மகராசனும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு கிடந்தன. முட்டிவரைக்கும் இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு போய்வந்தேன்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். லிஃப்ட் மெக்கானிக். அவருடைய பென்ஷன் வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். சாப்பாடு, மருந்து எல்லாம் என் சம்பளத்தில்தான். ஆனால் ரிட்டயர் ஆனபோது கம்பெனி மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. அந்தப் பணம் மாசாமாசம் என் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் நான் வேலையை விட்டுவிடலாம். அவ்வளவுதான் என் ஆசை. பங்களாவா கேட்டேன்?

"பேங்க்ல டெபாசிட் போட்டுடலாம். வட்டி வரும், அசல் அப்படியே இருக்கும்" என்றார் அவர்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் டெபாசிட்டில் போட்டாலும் வட்டி என் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது.

"அப்ப மிச்ச ஒரு பங்குக்கு நான் ஒத்தக் கால்ல நிக்கணுமா?" என்று கேட்டேன்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் தம்பி, விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தான்.

"ஷேர்ல போடுங்க மாமா. ஒரே கம்பெனிய நம்ப வேண்டாம். பெரிய கம்பெனிங்க அம்பதையும் ஒண்ணாச் சேர்த்த ஃபண்டு இருக்கு. அதையும் ஷேர் மாதிரியே வாங்கலாம், விக்கலாம். வாங்கிட்டுப் பத்து வருஷம் திரும்பிப் பாக்காதீங்க."

யாரிடம் போய்ச் சொல்கிறான் பாருங்கள். என் வீட்டுக்காரர் பூட்டின கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள். கேஸை மூடிவிட்டுப் படியிறங்கின பிறகு மறுபடி ஏறிப்போய்ப் பார்ப்பார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே பிரேக்கு. லிஃப்ட் அளவு மீறி வேகமாக இறங்கினால், அதன் அடியில் இருக்கும் பிரேக், லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைக் கவ்வி அப்படியே நிறுத்திவிடும். முப்பத்தைந்து வருஷம் அதைச் சோதித்தே பிழைத்தவர்.

மூன்று நாள் வாக்குவாதம். கடைசியில் இரண்டு பங்கு டெபாசிட், ஒரு பங்கு ஃபண்டு என்று முடிவாயிற்று. அவருடைய போனில் தம்பி எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தான். இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டார்: "இதுல பிரேக் எங்கடா இருக்கு?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "இருக்கு மாமா. இந்த விலைக்குக் கீழ போனா தானா வித்துடுன்னு இங்க போட்டு வைக்கலாம். ஆனா நமக்கு வேணாம். இது ஏறும், இறங்கும், அப்படித்தான் இருக்கும்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கப்புறம் சம்பளம் வாங்குகிற அன்றைக்கெல்லாம் கேட்பேன்: "நம்ம பணம் எப்படிங்க இருக்கு?" "இருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, மெஷினில் பக்கத்தில் நிற்பவளிடம் வருஷக் கடைசியில் வேலையை விடப்போவதாகப் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு புதன்கிழமை, எனக்கு வார விடுமுறை. மத்தியானம் தம்பி வந்தான். "என்ன மாமா, மார்க்கெட் சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது! பன்னெண்டு சதவீதமாவது லாபம் வந்திருக்குமே?"

இவர் எழுந்து வாசல் கதவைப் பூட்டப் போனார், பட்டப்பகலில். சந்தேகப்பட்டு அவருடைய போனை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் திறந்து பார்த்தான். ஃபண்டு இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். வாங்கின மறுநாளே இவர், விலை ஐந்து சதவீதம் இறங்கினால் தானாக விற்றுவிடும்படி பிரேக் போட்டு வைத்திருக்கிறார். இரண்டாவது மாதம் ஒரு வாரம் சந்தை சரிந்ததும் அது பிடித்து மொத்தத்தையும் விற்றுவிட்டது. அடுத்த மாதமே சந்தை பழைய விலையைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் பணமோ நாலு மாதமாக ஒரு பைசா வட்டி இல்லாமல் சும்மா கிடக்கிறது.

"நாலு மாசம்!" என்று கத்தினேன். "நாலு மாசமா வாயத் தெச்சு வெச்சிருந்தீங்களா? அந்தப் பணம் வளருது, வளருதுன்னு நான் அங்க கால் கடுக்க நின்னுக்கிட்டிருந்தேனே!"

அவர் கதவருகிலேயே நின்றார்.

தம்பி மெதுவாகக் கேட்டான்: "மாமா, லிஃப்ட்ல அஞ்சு சதவீதம் வேகம் கூடினா பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்காது. அவ்வளவு இறுக்கமா வைக்கக் கூடாது. சாதாரணமா ஆடுற ஆட்டத்துக்கே பிடிச்சுக்கும்."

"இது தெரிஞ்சுமா அப்படி வெச்சீங்க?" என்றேன் நான்.

"லிஃப்ட்ல யாரோ நிக்கிறாங்க" என்றார். "இதுல நீ நிக்கிற."

அவரே தொடர்ந்தார்: "பிடிச்ச பிரேக்க கீழ இருந்து எடுக்க முடியாது. மேல ஏறிப் பாத்து, கையாலதான் விடுவிக்கணும். தினம் போனைத் திறப்பேன். கை வரல. மறுபடி விழுந்தா உன் காலு..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மறுபடி கணக்குப் போட்டேன். வட்டியை மட்டும் தின்றால் போதாது. வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்? இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். எட்டு வருஷம். விலைவாசி ஏறினால் ஏழு.

"அசல்ல கை வைக்கிறதா?" என்று பதறினார்.

"பின்ன எதுக்கு அசலு? அலமாரில வெச்சு அழகு பாக்கவா? ஏழு வருஷத்துக்குச் சோறு டெபாசிட்ல இருக்குங்க. நீங்க தேடுற பிரேக்கு அதுதான். அதுவரைக்கும் ஃபண்ட நாம தொட வேண்டியதே இல்ல. ஆடுறது ஆடட்டும்."

"இதத்தான்க்கா நான் அன்னைக்கே..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"நீ எங்கடா அசலைத் தொடலாம்னு சொன்ன? சும்மா இரு."

சந்தை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. சும்மா கிடந்த பணத்தில் ஃபண்டைத் திரும்ப வாங்க, தம்பி காட்டிய இடத்தில் நானே விரலால் அழுத்தினேன். விலை முதலில் வாங்கினதைவிடக் கூடுதல். போன லாபம் போனதுதான், வயிறு எரியத்தான் செய்தது. பிரேக் போடும் கட்டத்தைக் காலியாக விட்டேன். பிறகு அதே காலண்டர் தாளைக் கிழித்து, இந்த மாதத்தோடு வேலையை விடுகிறேன் என்று சூப்பர்வைசருக்கு நாலு வரி எழுத ஆரம்பித்தேன், சுவரில் தாளை வைத்து, நின்றுகொண்டே. பழக்கம் அப்படி.

"மறுபடி விழுந்தா?" என்றார் அவர், சின்னக் குரலில்.

"விழட்டும். இந்தத் தடவை உக்காந்துக்கிட்டே பாக்கறேன்."

அவர் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டார். முதுகைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.