காலுறையோடு ஓர் ஆட்டம்

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து ஹில்லெவி வீடு திரும்பியபோது, கணவன் சிக்ஸ்டன் வயலின் பெட்டியோடு காரில் தயாராக உட்கார்ந்திருந்தான். நடுக்கோடை விழா வாரம். ஊர் ஊராக ஆட்டத்துக்கு வாசிக்க வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு, மண்டோலாவைப் பின் இருக்கையில் போட்டுவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள்.

மாண்டலினுக்கு அக்கா மாதிரியான கருவி அது. சிக்ஸ்டன் வயலினில் போல்ஸ்கா என்ற பழைய ஜோடி ஆட்ட மெட்டுகளை இழைப்பான். ஹில்லெவி அதற்குக் கீழே தந்திகளை மீட்டித் தாளம் கொடுப்பாள். ஆட்டம் முடிந்ததும் ஊரார் அவன் கையைக் குலுக்குவார்கள். அவளிடம், "காப்பி குடிச்சீங்களா?" என்பார்கள்.

அன்று மழை. புல்வெளியில் நடக்க வேண்டிய ஆட்டம் களஞ்சியத்துக்குள் வந்துவிட்டது. இடைவேளையில் சிக்ஸ்டன் ஸ்ட்ராபெரி கேக்கில் கை வைத்தான். அதில் உட்கார்ந்திருந்த குளவி இடக்கை ஆள்காட்டி விரலில் கொட்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் உருளைக்கிழங்காக வீங்கி, வயலின் தந்தியை அழுத்த முடியாமல் போனது.

"அடக் கடவுளே, இப்பத்தானே ஜனம் சூடு பிடிச்சிருக்கு!" என்றாள் விழாவை நடத்தும் குன்வோர். "ஹில்லெவி, நீ வாசியேன்."

சிக்ஸ்டன் சிரித்தான். "மண்டோலாவுல தனியா மெட்டா? தட்டின உடனே சத்தம் செத்துப்போயிடும். வா, வீட்டுக்குப் போலாம்."

அவளுக்கும் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் போயிருப்பாள்.

உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். பலகைத் தரையில் அத்தனை ஷூக்களும் தடதடக்க, மெட்டு எங்கோ அமுங்கிப் போனது.

"கொசுகூட இதைவிடச் சத்தமா பாடும்மா!" என்று கத்தினான் மரம் ஏற்றும் லாரி ஓட்டும் தூர்ஸ்டன். களஞ்சியமே சிரித்தது.

ஹில்லெவி நிறுத்தினாள். வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"ஷூவைக் கழட்டுங்க."

"என்னது?"

"கழட்டுங்கன்னேன். என்னால இதுக்கு மேல ஓங்கி வாசிக்க முடியாது. நீங்க மெதுவா ஆடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். தூர்ஸ்டனின் காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்ததும் இன்னொரு சிரிப்பு. பிறகு அவள் வாசித்தாள். கூரையில் மழை, தரையில் காலுறைகள் வழுக்கும் மெல்லிய சத்தம். ஒரு சுரம் அடங்கி அடுத்தது வருவதற்குள் கிடைத்த சின்ன இடைவெளியில் ஜோடிகள் சாய்ந்து சுழன்றன. ஒரு திருப்பத்தில் அவளுக்கு மெட்டு தவறியது. யாரும் நிற்கவில்லை. தூக்கக் கலக்கத்தோடே அடுத்த மெட்டுக்கும், அதற்கடுத்ததற்கும் போனாள்.

விரல்நுனி எரியத் தொடங்கியதும், "போதும்" என்றாள். ஆடியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

தூர்ஸ்டன் அவள் எதிரே வந்தான். "ஆடும்போது என் பொண்டாட்டி வாய்க்குள்ளேயே மெட்டைப் பாடுவா போலிருக்கு. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் என் காதுல விழுந்துச்சு."

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். சிக்ஸ்டன் ஐஸ் பையில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தான்.

"முதல் மெட்டுல ஒரு இடத்துல தப்பு பண்ணிட்டே."

"ஆமா."

கார்க் கண்ணாடியில் மழைத் துடைப்பான் இருமுறை போய் வந்தது.

"அடுத்த வாரம் ஏரிக்கரை ஆட்டத்துல நீ முன்னால உக்காரு. நான் பின்னால வாசிக்கிறேன்."

"அடுத்த வாரம் நான் எங்கயும் வரல, சிக்ஸ்டன்," என்றாள் ஹில்லெவி. "தூங்கப் போறேன்."