லண்டன் பேப்பரில் ஒரு சாட்சி

திருச்சி அரியமங்கலத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக்குக்கு நம்மூர்ப் பத்திரிகை என்றாலே இளப்பம். ரங்கூனில் கணக்கெழுதிய காலத்தில் கற்ற இங்கிலீஷ் அவரிடம் மிச்சமிருந்தது. பொட்டலம் மடிக்க மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து கட்டுக்கட்டாக வரும் லண்டன் பேப்பர்களை, சாயங்காலம் பட்டறை விட்டு வருகிறவர்களுக்குத் தமிழில் வாசிப்பார். முன்கூட்டிப் படித்துப் பார்ப்பது கிடையாது. கண் இங்கிலீஷில் ஓட, வாய் தமிழில் ஓடும். அதில் மனுஷனுக்குத் தலைகால் தெரியாத பெருமை. நம் நாட்டு லட்சணத்தை வெளியே நிற்கிறவன்தான் பயமில்லாமல் சொல்வான் என்பார்.

ஒருநாள் விடாமல் வந்து கேட்டவன் எதிர்ப் பட்டறையில் லேத் ஓட்டிய அடைக்கலம். ஐம்பத்தெட்டில் அங்கே கூலி உயர்வு கேட்டு ஸ்டிரைக். முதலாளி ஏவிய அடியாட்கள் பட்டப்பகலில் அவனை மடக்கி இரும்புக் கம்பியால் அடித்தார்கள். முதல் அடியிலேயே முழங்கால் நொறுங்கியது. தவழ்ந்தபடி ரோட்டைத் தாண்டி வந்து சாதிக் கடைக் கதவைத் தட்டினான். அவர் உள்ளே தாழ் போட்டிருந்தார். துரத்தி வந்தவர்கள் அவன் மண்டையைப் பிளந்ததைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தார். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்வது.

குடிபோதைத் தகராறில் தொழிலாளி பலி என்று நம்மூர்ப் பத்திரிகை போட்டது. அடைக்கலத்தின் மனைவி ராக்கம்மாள், கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்று சாதிக்கின் காலில் விழுந்தாள். கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். ஆனால் கொலை நடந்த மறுநாளே, தஞ்சாவூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குப் போகிற வழியில் கார் பஞ்சராகி நின்ற ஒரு லண்டன் நிருபரிடம், தாழ் போட்டது முதல் ஒன்றுவிடாமல் கொட்டியிருந்தார். அந்தப் பேப்பரில் வந்தால் சர்க்கார் பதறும், தன் உடம்பிலும் அடி விழாது என்று கணக்கு.

சாட்சி இல்லாமல் கேஸ் தள்ளுபடியானது. அடியாட்கள் மாலையும் கழுத்துமாக வந்து பட்டறை வாசலில் வெடி கொளுத்தினார்கள். மறித்த ராக்கம்மாளை முடியைப் பிடித்து இழுத்துச் சாக்கடையில் தள்ளினார்கள். சாதிக் அதையும் பார்த்தார்.

அப்புறம் வந்த ஒரு கட்டுக்குள் அந்த நிருபர் எழுதிய பேப்பர் இருந்தது. திருச்சி என்ற பெயரைக் கண்டதும் அவருக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. கொலையைத்தான் எழுதியிருப்பான், சொன்னவனை எழுதியிருக்க மாட்டான் என்ற நினைப்பில், ராக்கம்மாளுக்கு ஆள் அனுப்பி, கூட்டம் சேர்த்து, உரக்க வாசிக்க ஆரம்பித்தார். கோபுரம், யானை, காவிரி என்று போனது. பிறகு கொலை வந்தது.

"எதிர்க் கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். செத்தவர் அவருடைய கதவைத்தான் தட்டியிருக்கிறார். அவர் திறக்கவில்லை. போலீசிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சிரித்தார். இந்த நாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அந்தச் சிரிப்பில்தான்."

வாய் முந்திக்கொண்டது. புத்தி வந்து சேர்ந்தபோது எல்லாமே சொல்லியாகிவிட்டது.

ராக்கம்மாள் எழுந்து வந்தாள். "எம் புருஷன் உங்க கதவையா தட்டினாரு, பாய்?"

"ஆமாம்மா."

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "வெள்ளைக்காரன்கிட்ட சொல்ல மட்டும் வாய் இருந்துச்சா உனக்கு?"

முகத்தைக் கதவோடு சேர்த்து மோதினாள். பல் உடைந்தது. மறுபடி மோதினாள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிப் பேப்பர் நனைந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. விலக்கிவிட ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.