ஒன்றிலிருந்து அளப்பவள்

டிரில்லின் சத்தம் நின்ற பிறகும் அண்ணி மூச்சை விடவில்லை. குனிந்து மரத்தூளை ஊதினாள். மூன்று துளைகளும் ஒரே வரிசையில், ஒரே ஆழத்தில், விளிம்பு பிசிறாமல் இருந்தன. பதினாறு வருடமாக ஊரார் வீட்டுச் சுவர்களில் ஓட்டை போட்டுத் திரைச்சீலை மாட்டுகிறவள் அவள். கான்கிரீட்டைத் துளைக்கும்போது வராத வேர்வை இந்தக் கிட்டார்ப் பலகைக்கு வந்திருந்தது. கொழுந்தன் பிரிட்ஜை, அதாவது தந்திகளின் அடிப்பக்கத்தைத் தாங்கும் தகட்டை, துளைகளின் மேல் வைத்து ஸ்க்ரூவை முறுக்கினான். "நல்லா உக்காந்துடுச்சு அண்ணி" என்றான். சின்னவனின் வாயிலிருந்து எட்டு மாதத்தில் வந்த மிக நீளமான பாராட்டு அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் அறை ஜன்னலுக்குத் திரை மாட்ட ஏறியவள், இரும்புக் கம்பியைக் கைநழுவ விட்டாள். கீழே அவனுடைய கிட்டார் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. கழுத்து முறிந்துவிட்டது. இரண்டு முறை ஒட்டிப் பார்த்தார்கள், தந்தியை இழுத்துக் கட்டியதும் இரண்டு முறையும் பிளந்துகொண்டது. அவன் கத்தவில்லை, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளவில்லை. "பரவாயில்ல அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதைக் கேட்டாலும் "சரி அண்ணி", "வேண்டாம் அண்ணி", அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நாலு நாளில் ஆறியிருக்கும். மரியாதை எங்கே ஆறுகிறது? அவள் கணவன், "அவன் சுபாவமே அப்படித்தான், நீ மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விடுவான். பெரியவனுக்கு எல்லாமே சுபாவம்தான்.

புதிய கிட்டாரைக் கடையில் வாங்க அவனுக்கு மனமில்லை. ஒன்பது பார்சல்களாக அது வந்தது. பாடி ஓரிடத்திலிருந்து, நெக் இன்னோரிடத்திலிருந்து, ஒலியைப் பிடிக்கும் பிக்கப்புகள் வேறெங்கிருந்தோ. பாடிக்கு மட்டும் ஐந்து மாதம் காத்திருந்தான். அவன் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்து ஒருவர் அறுத்துக் கொடுத்தது. செய்தவர் அதோடு அந்தத் தொழிலை விட்டுவிட்டார், இனி இன்னொன்று கிடைக்காது. பிரிட்ஜுக்கான துளையை அவனேதான் போட வேண்டும். போன வாரம் அவனாகவே வந்து சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, டிரில் உங்க கைல நிக்கிற மாதிரி என் கைல நிக்காது. நீங்க போட்டுத் தரீங்களா?" என்று கேட்டான். அன்று அவள் குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள்.

இன்று ஏழு மணிக்கு அவன் வாசித்துக் காட்ட வேண்டும். இரவல் கிட்டாரில் வாசிக்கிறவனை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுவது என்று அவனுடைய இசைக்குழுவில் பேச்சு கிளம்பி, வேறொருவனையும் ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இருவரில் ஒருவர்தான். மணி இப்போது நாலே கால்.

அவன் வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியைச் சூடேற்றினான். போன் அடித்தது. குழுவின் டிரம்ஸ்காரர். "வந்துடுவேண்ணே. எங்க அண்ணிதான் அசெம்பிள் பண்ணாங்க. ஆமா, அதே அண்ணிதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மேசையைத் துடைத்தாள், அளவு டேப்பை எடுத்துச் சுருட்டினாள்.

டேப்பின் நுனியில் கை நின்றது.

நுனித் தகடு ஆடிப்போய் வருடக்கணக்காகிறது. அதனால் அவள் எந்தச் சுவரையும் பூஜ்யத்திலிருந்து அளப்பதில்லை. ஒன்றாம் கோட்டைப் பிடித்துக்கொண்டு அளந்து, வந்த கணக்கில் ஒன்றைக் கழித்துவிடுவாள். தனியாக வேலை செய்கிறவளின் பழக்கம் அது, யோசிக்காமலே நடக்கும். இன்று தனியாக அளக்கவில்லையே. துளை போடுவதற்கு முன்னால், கிட்டாரின் தலைப்பக்கத்தில், தந்திகள் படிந்து இறங்கும் வெள்ளைக் கட்டையில் அவள் டேப்பைப் பிடித்தாள். மறுமுனையில் அவன் தந்திக்கு வேண்டிய நீளமான அறுபத்து நாலு புள்ளி எட்டு சென்டிமீட்டரைப் படித்துக் கோடு போட்டான். அவள் பிடித்தது ஒன்றில்.

சத்தமில்லாமல் டேப்பை மீண்டும் நீட்டினாள். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் பன்னிரண்டாவது, அதாவது பன்னிரண்டாவது ஃப்ரெட்தான் தந்திக்குச் சரிபாதி என்று காலையில் அவன் சொல்லிக் கொடுத்திருந்தான். அங்கிருந்து தலைப்பக்கம் முப்பத்திரண்டு புள்ளி நாலு. பிரிட்ஜ் பக்கம் முப்பத்தொன்று புள்ளி நாலு. பிரிட்ஜில் இருக்கும் குட்டித் திருகாணிகள் நாலைந்து மில்லிமீட்டர் நகர்ந்து கொடுக்கும், ஒரு சென்டிமீட்டர் கொடுக்காது. தந்தியை வெறுமனே மீட்டினால் எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்கும். மேலே விரல் ஏற ஏறச் சுருதி விலகும். அது எங்கே தெரியும்? ஏழு மணிக்கு, அவர்கள் எல்லோர் முன்னாலும் தெரியும்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். இங்கே பட்டதென்னவோ அவன் கால்தான், இடித்தவள்தான் இரண்டு முறையும் ஒருத்தி. கோடு போட்டது அவன் கைதானே என்று ஒரு நினைப்பு வந்தது. அளவு தவறியது எப்படி என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை. பாடியைச் செய்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இரண்டு நிமிடம் நின்றாள். அவன் போனை வைத்துவிட்டு வயரை ஒட்ட ஆரம்பித்திருந்தான்.

"தம்பி, அத நிறுத்து."

"ரெண்டே வயர்தான் அண்ணி."

"பிரிட்ஜ் தப்பான இடத்துல இருக்கு. ஒரு சென்டிமீட்டர் முன்னாடி. நான் டேப்ப ஒண்ணுல புடிச்சிருந்தேன், உங்கிட்ட சொல்லல."

அவன் கம்பியை ஸ்டாண்டில் வைத்தான். டேப்பை வாங்கித் தானே அளந்தான், இரண்டு முறை. அவள் அந்தப் 'பரவாயில்ல'வுக்காகக் காத்திருந்தாள். அது மட்டும் வந்தால் இந்த வீட்டில் இனி மூச்சு விட முடியாது என்று தோன்றியது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீ போன் பேசிட்டு இருக்கும்போது."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீ சிரிச்சிட்டு இருந்த."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இந்த வீட்ல எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். அதையும் ஒடச்சீங்க. இப்ப இதையும் கெடுத்து வச்சிருக்கீங்க." குரல் ஏறியது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். "பரவாயில்லன்னு நான் அன்னிக்குச் சொன்னத நம்பிட்டீங்களா?"

"நம்பல."

"நம்பலன்னா ஏன் கேக்கல? எட்டு மாசம் அண்ணி. ஒரு நாள் வந்து கதவத் தட்டிக் கேக்கக் கூடாதா?"

"பயமா இருந்துச்சு" என்றாள். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் பழுத்த கட்டி உடைந்தது போல, வலியோடு சேர்ந்து ஏதோ இறங்கியது.

அவன் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் பிரிட்ஜைக் கழற்றி ஒரு சென்டிமீட்டர் பின்னால் வைத்துப் பார்த்தாள். பழைய துளைகள் தகட்டுக்கு அடியில் மறைந்தன. "புதுசா மூணு ஓட்ட போட்டாப் போதும். பழசு வெளிய தெரியாது."

"தெரியாதுங்கிறது இப்ப ரொம்ப முக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். இந்த முறை அவன் டேப்பைப் பிடித்தான். எந்தக் கோட்டில் பிடித்திருக்கிறேன் என்பதை உரக்கச் சொன்னான், அவளும் அளவை உரக்கப் படித்தாள். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்களைப் போல இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

டிரில்லை எடுத்தபோது அவள் கை நடுங்கியது. ஒரு நூல் ஆழம் கூடிப்போனால் பலகை மறுபக்கம் பிளந்துவிடும்.

"கை நடுங்குது" என்றான்.

"ஆமா. நீ போடேன்."

"எனக்கு வராதுன்னுதான உங்களக் கேட்டேன்." கோபம் அப்படியே இருந்தது. இரண்டு கையாலும் பாடியை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். "நடுங்குனா நடுங்கட்டும். போடுங்க."

போட்டாள்.

தந்திகளைக் கட்டி முடிக்கும்போது ஆறேகால். ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்துப் பார்க்க நேரமில்லை. வயர் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குரல் பக்கத்து நாற்காலி வரைக்கும்கூட வராது. அவன் எழுந்து ஃபேனை அணைத்துவிட்டு வந்து, கிட்டாரை மடியில் சாய்த்தான். முதல் தந்தியை வெறுமனே மீட்டினான். பிறகு மேலேயும் சுருதி சேருகிறதா என்று பார்க்க விரலைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினான், இன்னும் அழுத்தவில்லை. மேசையில் போன் அதிர்ந்தது, இருவரும் திரும்பவில்லை. அவள் சுவரோரமாக, டிரில்லைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"அங்க நின்னா கேக்காது" என்றான். "கிட்ட வாங்க."

அவள் டிரில்லைத் தரையில் வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டு, காதை மரத்துக்கு அருகே கொண்டுபோனாள். அவனும் குனிந்தான். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. விரல் தந்தியை அழுத்தியது.