வர வேண்டாம் என்று வந்த செய்தி

அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்த டயாலிசிஸ் மையத்தில் எல்லோருக்கும் தெரியும். கொழுந்தன் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நர்சுகளிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். மையத்தை நடத்தும் டாக்டர் அவள் கணவர். மேனேஜர் நாற்காலியில் கொழுந்தன். வெப்சைட்டும் அப்பாயின்ட்மென்டும் அண்ணியின் பொறுப்பு. கொழுந்தனுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் தானியங்கி. விளக்கோ, ஏசியோ, கதவோ, அவனுக்கு எல்லாம் தானாக நடக்க வேண்டும்.

போன மாதம் அவன் வெப்சைட்டிலும் கை வைத்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாக வெப்சைட்டில் சேர்த்திருக்கும் சின்ன மென்பொருள்களை பிளகின் என்பார்கள். புதுப் பதிப்பு வந்தால் அவை தாமாகவே அப்டேட் ஆகட்டும் என்று இவன் எல்லாவற்றுக்கும் டிக் போட்டு வைத்தான். இரண்டே நாளில் அப்பாயின்ட்மென்ட் பக்கம் வெள்ளைத்தாள் போலாகிவிட்டது. அன்றைக்கு அண்ணி அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, டிக்கையெல்லாம் எடுத்துவிட்டு, தன் மேஜைக்கு மேலே ஒரு தாளை ஒட்டினாள். முதலில் பேக்கப். அப்புறம் நகலில் சோதனை. சரியாக இருந்தால் மட்டும் நிஜ சைட். அடியில் சிவப்பு மையில், ‘எதுவும் தானாக நடக்கக் கூடாது.’

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட் பிளகினின் புதுப் பதிப்போடு உட்கார்ந்தாள். பேக்கப் எடுத்தாள். சைட்டை அப்படியே நகல் எடுத்தாள். அதே நோயாளிகள், அதே நேரங்கள், அதே போன் நம்பர்கள். முகவரியின் முன்னால் ‘டெஸ்ட்’ என்று ஒரு சொல் மட்டும் கூடுதல். நகலில் அப்டேட்டை அழுத்திவிட்டு அட்டவணையைத் திறந்தாள். இனி வரவேண்டிய அத்தனை பேருக்கும் நேரே ‘ரத்து’ என்று விழுந்திருந்தது.

அண்ணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உடனே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“வா தம்பி, கண்ணைத் திறந்து பாரு. உன் இஷ்டத்துக்கு விட்டிருந்தா இன்னைக்கு நிஜ சைட்டே இப்படி ஆயிருக்கும். ஒருத்தருக்கும் அப்பாயின்ட்மென்ட் இருந்திருக்காது.”

“நீங்க சொன்னதுதான் சரி அண்ணி.”

“வாயால சொன்னா போதாது. மண்டையில ஏத்திக்கோ.”

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். இந்தப் பதிப்பு நிஜ சைட்டுக்கு வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்து, அண்ணி நிம்மதியாக ஒரு டீ குடித்தாள்.

பன்னிரண்டரைக்கு அடுத்த ஷிப்ட். பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு மெஷின்கள். பன்னிரண்டே முக்கால் ஆகியும் ஒருவர்கூட வரவில்லை. இந்தப் பன்னிரண்டு பேரும் கடைசியாக வந்தது சனிக்கிழமை. வாரத்திலேயே நீளமான இடைவெளி அதுதான். உடம்பில் மூன்று நாள் தண்ணீர் தேங்கியிருக்கும். தலைமை நர்ஸ் வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அண்ணிக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். ஹாலின் நடுவே நின்று காட்டுக்கத்தலாகக் கத்தினாள்.

“ஏன்டா, மறுபடியும் டிக் போட்டியா? காலையிலதானே உனக்கு அவ்வளவு தூரம் சொன்னேன்!”

இத்தனை வருஷத்தில் அவனை அவள் டா போட்டது அதுதான் முதல் தடவை.

“அண்ணி, சத்தியமா நான் தொடவே இல்ல.”

“பொய் வேற சொல்றியா? மனுஷ உசுரு உனக்கு விளையாட்டாப் போச்சு! உன்னைப் போய் இந்த நாற்காலியில உட்கார வச்சாரே உங்க அண்ணன், அவரைச் சொல்லணும்!”

காலை ஷிப்ட் முடித்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்த நோயாளிகளும் நர்சுகளும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தனின் முகம் கறுத்துப் போனது. அவன் ரிசப்ஷன் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினான். நிஜ சைட்டில் பன்னிரண்டு பேரின் பெயர்களும் பத்திரமாக இருந்தன.

அப்போது காலை ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த தையல்காரம்மா போனை நீட்டினார். “அண்ணி, வியாழக்கிழமை வர வேண்டாம்னு எனக்கும் மெசேஜ் வந்திருக்கே. ஏன்?”

அண்ணி வாங்கிப் படித்தாள். மெசேஜ் வந்த நேரம் பத்து ஐம்பத்திரண்டு. அடியிலிருந்த முகவரி ‘டெஸ்ட்’ என்று ஆரம்பித்தது.

எல்லாவற்றையும் நகல் எடுத்தவள், நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்பும் வசதியையும் சேர்த்தே நகல் எடுத்திருந்தாள். அதை அணைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நகல் எல்லாரையும் ரத்து செய்துவிட்டு, மரியாதையாக ஒவ்வொருவருக்கும் தகவலும் சொல்லிவிட்டது. இவள் கொழுந்தனைக் கூப்பிட்டுப் பெருமையடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மெசேஜ்கள் போய்க்கொண்டிருந்தன.

மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “இந்தப் பன்னிரண்டு பேருக்கும் முதல்ல போன் போடுங்க” என்றாள். மற்றவர்களுக்கு, வழக்கம்போல் வாருங்கள் என்று நிஜ சைட்டிலிருந்து மெசேஜ் அனுப்பினாள். அவள், நர்ஸ், கொழுந்தன் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். பதினொரு பேர் திட்டிக்கொண்டே கிளம்பினார்கள். பன்னிரண்டாவது ஆள், பழைய லாரி டிரைவர், எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தும் எடுக்கவில்லை. தனியாக இருக்கிறவர். செவ்வாய்க்கிழமையை மட்டும் தவற விடாதீர்கள் என்று சனிக்கிழமைதான் டாக்டர் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

கொழுந்தன் கார் சாவியை எடுத்தான். அண்ணியும் கூடவே ஏறினாள். டிரைவரின் வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் கிடையாது. அண்ணி கதவை இரண்டு கையாலும் தட்டினாள். உள்ளே சத்தமே இல்லை. மறுபடியும் தட்டினாள். பதிலில்லாத அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்கு என்னென்னவோ தோன்றிவிட்டது.

கடைசியில் கதவு திறந்தது. சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார் டிரைவர். பாதம் இரண்டும் வீங்கி, மூச்சு இரைத்தது. உயிரோடு அவரைப் பார்த்ததும் பயமெல்லாம் கோபமாகப் பொங்கி வந்துவிட்டது அவளுக்கு.

“போனை எடுக்க மாட்டீங்களா ஐயா? எத்தனை தடவை அடிக்கிறது? உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை வேண்டாமா?”

டிரைவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. “வர வேண்டாம்னு சொன்னது யாரு? நீங்கதானே? சரி, ஒரு நாளாவது ஊசி இல்லாம தூங்கலாம்னு போனை அணைச்சுட்டுப் படுத்தேன். தப்பு பண்ணது நீங்க. திட்டு மட்டும் எனக்கா?”

பின்னால் படியில் கொழுந்தன் நின்றிருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் வந்து குனிந்து, “ஏறிக்கங்க ஐயா” என்று முதுகைக் காட்டினான். மூன்று மாடியும் அவரைச் சுமந்தே இறங்கினான். அண்ணி அவருடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மூன்று மணிக்கு டிரைவரின் மூச்சு சீரானது. பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தது. அண்ணி மேஜைக்குப் போய், சுவரிலிருந்த தாளில் ஒரு வரி சேர்த்தாள். ‘நகல் எடுத்ததும் முதல் வேலை, மெசேஜை அணை.’ எழுதி முடித்தும் மனம் ஆறவில்லை. அவளுக்கு அவள் மேலேயே வந்த கோபத்தில் பேனா முனை தாளைக் கிழித்திருந்தது.

ரிசப்ஷனுக்கு வந்து கொழுந்தனின் பக்கத்தில் நின்றாள். “தப்பு என்னோடது, தம்பி” என்றாள், மெல்ல.

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேக்கல அண்ணி.”

“தப்பு என்னோடதுன்னு சொன்னேன்.”

“எனக்குக் கேட்டுச்சு.” இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. “மத்தியானம் நீங்க சொன்னது இந்த ஹாலுக்கே கேட்டுச்சு. இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க.”

அண்ணியின் காதுமடல் சூடேறியது. இவனுக்கு எவ்வளவு திமிர் என்று ஒரு கணம் பழைய கோபம் தலைகாட்டியது. ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளை மத்தியானம் வேடிக்கை பார்த்த நர்சுகள் அங்கேதான் இருந்தார்கள்.

நடுவே போய், மத்தியானம் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க!” என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். “இன்னைக்கு வர வேண்டாம்னு உங்களுக்கு மெசேஜ் போனதுக்குக் காரணம் நான். தம்பி ஒண்ணுமே பண்ணல. அவரை நான் திட்டினது அநியாயம்.”

கடைசி நாற்காலியிலிருந்து லாரி டிரைவரின் குரல் வந்தது.

“என்னைத் திட்டினதை விட்டுட்டியேம்மா.”