வெறுங்குழாய் இலை

வென் டிங் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு முனைவர் படிப்பில் ஐந்தாவது வருடம். மூன்றாவது முயற்சியிலேயே அவளுடைய புகையிலைக் கன்றின் இலை பச்சையாக ஒளிர்ந்தது. என்னுடையது அதுவரை எழுபது தடவைக்கு மேல் இருட்டாகவே கிடந்தது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

வேலை என்னவோ ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத கார்பன் குழாய்களில் ஒளிரச் செய்யும் மரபணுவை ஒட்டவைத்து, அந்தக் கரைசலை ஊசி இல்லாத சிரிஞ்சில் நிரப்பி, இலையின் அடிப்பக்கம் வைத்து அழுத்த வேண்டும். மரபணு உள்ளே போய் வேலை செய்தால் மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் இலை ஒளிரும். கூடவே இன்னொரு இலையில் மரபணு ஒட்டாத வெறுங்குழாய்களை ஏற்றி, காம்பில் சிவப்பு நூல் கட்டுவோம். அது ஒளிரக் கூடாது.

"ஒருத்தர் கையில வந்தா போதாது," என்றார் எங்கள் பேராசிரியர் குவோ. "ஃபாங் லியான், நீயும் செஞ்சு காட்டு. யாரோடது தெளிவா இருக்கோ, கட்டுரையில அவங்க பேர் முதல்ல."

முதல் பெயர் வந்தால் இந்த வருடமே பட்டம். வராவிட்டால் ஆறாவது வருடம், அதே விடுதி அறை.

வென் டிங் காலையில் விளக்கைப் போட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, இலைத்துளைகள் திறந்த பிறகே சிரிஞ்சை எடுப்பாள். கட்டைவிரலால் மெதுவாக அழுத்துவாள்.

"தாலாட்டும் பாடுவியா?" என்று கேட்டேன்.

"பாடினா தூங்கிடுமே அக்கா. அது முழிச்சிருக்கணும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நான் காத்திருக்கவில்லை. அவள் சிரித்த முகம் கண்ணுக்குள் நிற்க, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.

மூன்றாம் நாள் என் இலை ஒளிர்ந்தது. அவளுடையதைவிடப் பளிச்சென்று, வட்டமாக. படத்தை உடனே ஆய்வகத்தின் கைபேசிக் குழுவில் போட்டேன். முடிவு கிடைத்தவர் எல்லோருக்கும் பால் தேநீர் வாங்கித் தருவது எங்கள் வழக்கம். பதினொரு பேருக்கும் கடையில் சொல்லி வரவழைத்தேன். வென் டிங்குக்கு இனிப்பே ஆகாது என்று தெரிந்தும் அவளுக்கு முழு இனிப்பு போடச் சொன்னேன்.

அவள் என் மேசைக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"அக்கா, சிவப்பு நூல் இலையைப் பாத்தீங்களா?"

"எழுபது தடவை பாத்தாச்சு. இருட்டுதான்."

"இந்தத் தடவை?"

பார்க்கவில்லை. அவள் எதிரிலேயே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். மரபணுவே ஏறாத அந்த இலையும் அதே பச்சையில் ஒளிர்ந்தது. வட்டம் சரியாக சிரிஞ்சின் வாய் அளவு. நசுங்கிச் சாகும் இலையும் அப்படித்தான் பச்சையாகத் தெரியும். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். நான் ஏற்றியது மரபணுவை அல்ல, என் ஆத்திரத்தை.

"போ, சார்கிட்ட சொல்லு. அதுக்குத்தானே வந்தே?"

"நான் ஏன் சொல்றேன்? ஆய்வகக் கூட்டம் நாலு மணிக்குத்தான். அதுக்குள்ள நீங்களே குழுவிலேருந்து படத்தை நீக்கிடலாம்."

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

தேநீர் வந்துவிட்டது. பேராசிரியர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, "இது ஃபாங் லியான் இலைக்கான தேநீரா?" என்றார்.

"இல்ல சார்," என்றேன். "என்னோடது நசுங்கின இலை. சிவப்பு நூல் இலையும் ஒளிருது. இது வென் டிங் இலைக்கு."

பேராசிரியர் தலையாட்டிவிட்டு உறிஞ்சுகுழலைக் குத்தினார். எனக்கு ஆறாவது வருடம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வென் டிங் தன் கோப்பையில் ஒரு வாய் குடித்தாள். முகம் லேசாகச் சுருங்கியது. கோப்பை மேல் ஒட்டியிருந்த 'முழு இனிப்பு' சீட்டைப் படித்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா," என்று சொல்லி, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தாள்.