பச்சைக் கட்டம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, முதல் மாடியில் ஏழாம் வகுப்பு ஆ பிரிவில் நடந்த கணக்குத் தேர்வில், எட்டாம் எண் டேப்பில் விடையளித்த மாணவி பத்துக்கு நான்கு மதிப்பெண் பெற்றாள்.

அந்த மாணவி வகுப்பில் எப்போதும் முதல் ரேங்க். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தத் தேர்விலும் ஒன்பதுக்குக் கீழே இறங்காதவள். அன்று அவளுடைய டேப்பில் சார்ஜ் இல்லை. பக்கத்து பெஞ்சில் இருந்தவள், "என்னுத எடுத்துக்கோடி, நான் பேப்பர்ல எழுதிக்கறேன்" என்று எட்டாம் எண்ணை நீட்டினாள். நீட்டியவளுக்கு வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர். எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் வந்த பெயர். ஒரு ரப்பரைக்கூட யாருக்கும் லேசில் இரவல் கொடுக்காதவள் டேப்பைத் தூக்கிக் கொடுத்ததை யாராவது கவனித்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வந்திருந்த ஆசிரியை கவனிக்கவில்லை. சார்ஜ் இல்லை என்பதால் டேப் மாறக் கூடாது என்ற விதியை அன்றைக்கு மட்டும் தளர்த்தினாள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்து, அதைத் தன் நோட்டில் ஒரு வரியாகக் குறித்தும் வைத்தாள்.

பிள்ளைகள் அவளைச் சின்ன மிஸ் என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இறுதி ஆண்டு. ஆறு வாரப் பள்ளிப் பயிற்சியில் நான்கு வாரம் முடிந்திருந்தது. வியாழக்கிழமை கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து ஐம்பதுக்கு மதிப்பெண் போடுவார். இன்னொரு ஐம்பது, 'வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பொறுப்போடு பயன்படுத்துவது: என் பார்வை' என்ற அறிக்கைக்கு. இரண்டும் சேர்ந்து அறுபது வந்தால் முதல் வகுப்பு. முதல் வகுப்பு வந்தால் ஜூன் மாதம் இதே பள்ளியில் காலியாகும் இடம் அவளுக்கு என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை மாலையே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டாள். கடைசி நாளும் அதுதான்.

முதல் ரேங்க்காரி திரையில் நான்கைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கினாள். வக்கீல் எழுந்து நின்றாள்.

"மிஸ், என் பேப்பரைத் திருத்துங்க."

சின்ன மிஸ் திருத்தினாள். பத்துக்கு ஒன்பது.

"நான் யாருன்னு சொல்லுங்க மிஸ். நான் மார்க் குறைஞ்சவங்க போற ஸ்பெஷல் க்ளாஸ். அவ யாரு? ஃபர்ஸ்ட் ரேங்க். இன்னைக்கு அவ நாலு, நான் ஒம்பது. இது எப்படி?"

"நீயே சொல்லு."

"எட்டாம் நம்பர்ல பச்சை எடுக்காது மிஸ். எத்தனை தடவை அமுக்கினாலும் எடுக்காது. டைம் வேற ஓடிட்டே இருக்கும். அதனால மஞ்சளைத் தட்டிட்டுப் போயிடுவேன்."

திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வண்ணக் கட்டங்கள் வரும்: சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. வலது கீழ் மூலையில் வருவது பச்சை.

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"முதல் வாரமே சொன்னேனே. 'டேப்பைக் குறை சொல்லாத, நல்லாப் படி, தானா வரும்'னீங்க." பிறகு, சின்ன மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டவளைப் போல, "பரவாயில்ல மிஸ், நீங்க அப்ப புதுசு" என்றாள்.

உணவு இடைவேளையில் சின்ன மிஸ் எட்டாம் எண்ணை ஆசிரியர் அறைக்கு எடுத்துப் போனாள். அவளுக்குப் பொறுப்பாளராக இருந்த கணக்கு சார் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டுத் தானும் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால். பிறகு விரலைச் சுண்டுவதுபோல் வேகமாக. சிவப்பு எடுத்தது, நீலம் எடுத்தது, மஞ்சள் எடுத்தது. மூலையில் பச்சைக் கட்டம் வரும் அளவுக்குத் திரை செத்துப் போயிருந்தது. மேலே கீறல் எதுவும் இல்லை.

யாருக்கும் டேப் மாறக் கூடாது என்பது அவளே போட்ட விதி. இருபத்து நான்கு பிள்ளைகள், இருபத்து நான்கு டேப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதிய வெள்ளைத் துண்டு. சண்டை வராது, தொலையாது, உடைந்தால் யாரிடம் உடைந்தது என்று தெரியும். 'பொறுப்பு' என்ற தலைப்பில் இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அந்த விதிதான் நான்கு வாரமாக வக்கீலை எட்டாம் எண்ணோடு கட்டிப்போட்டிருந்தது.

அவள் பழைய நான்கு தேர்வுகளையும் திறந்து, சரியான விடை எந்தக் கட்டத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொத்தம் நாற்பது கேள்விகள். சரியான விடை பச்சையில் இருந்தவை இருபத்து மூன்று. அதைப் பார்த்ததும் காது சூடாயிற்று. கேள்வி தயாரிக்கும்போது, பிள்ளைகள் எங்கெங்கே தடுக்குவார்கள் என்று யோசித்துத் தவறான விடைகளை முதலில் எழுதிவிட்டு, சரியானதைக் கடைசியில் போடுவது அவள் பழக்கம். கடைசி என்றால் பச்சை. மீதிப் பதினேழில் வக்கீல் பதினாறு சரியாகப் போட்டிருந்தாள்.

கடைசிப் பாடவேளையில் வகுப்பிடமே கேட்டாள். "உண்மையைச் சொல்லுங்க, யாரையும் திட்ட மாட்டேன். விடை தெரியலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"பச்சை" என்றது வகுப்பு, ஒரே குரலில், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது டெஸ்ட்லேர்ந்து மிஸ்" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன். "உங்களுக்குப் பச்சை பிடிக்கும்னு நினைச்சோம். நீங்க போட்டுட்டு வர்ற சுடிதார்கூடப் பாதி நாள் பச்சைதானே."

அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. வகுப்புச் சராசரி முதல் தேர்வில் ஐந்தரை, நான்காவதில் எட்டு. ஏணி போல ஏறும் கோடு. அதன் கீழே இன்னொன்று, தரையோடு தரையாக ஊர்ந்துபோன ஒற்றைக் கோடு, எட்டாம் எண். 'தரவு இல்லாவிட்டால் பின்தங்கிய இந்தக் குழந்தையை நம் கண் தவறவிட்டிருக்கும்' என்று எழுதியிருந்தாள். அந்த வாக்கியத்தை எழுதி முடித்தபோது அவளுக்கே தன் மேல் கொஞ்சம் மதிப்பு வந்திருந்தது.

"ரெண்டு கோடுமே தப்பா இருக்கு சார்" என்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் சொன்னாள்.

கணக்கு சார் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வியாழக்கிழமை முடியட்டும்மா. அந்தம்மா வந்து பார்த்துட்டு மார்க்கைப் போட்டுட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை நீ டேப்பை மாத்திடு, பிள்ளையை ஸ்பெஷல் க்ளாஸ்லேர்ந்து எடுத்துடு. யார் குடி முழுகிடப் போகுது? இப்ப அறிக்கையைத் திருப்பி வாங்கினா லேட்டுன்னு பாதிக்குப் பாதி வெட்டுவாங்க. உனக்கு ஜூன்ல வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்புறம் என்ன?"

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் முதலில் பேசியவரே அவர்தான். அவர் சொன்ன வெள்ளிக்கிழமைத் திட்டத்தில் குறை சொல்லவும் எதுவும் இல்லை, அதில் விட்டுப்போன ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர. இரண்டு வாரத்துக்கு முன் வக்கீலின் அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்து, திரையில் அந்த ஊர்ந்துபோகும் கோட்டைக் காட்டி, உங்கள் பெண்ணுக்குப் பின்னக் கணக்கு பிடிபடவில்லை என்று சொல்லியிருந்தாள். அவர் பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்திருந்தார். கோட்டைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மகள் வாலிபால் ஆடப் போவதை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். அப்போது அது நல்ல முடிவாகத் தோன்றியது. தலையாட்டி ஆமோதித்ததும் நினைவிருக்கிறது.

வீட்டில் அக்கா அழகு நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்து, காலை நாற்காலிமேல் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அந்த வரைபடம் அழகா இருக்குன்னு ஞாயித்துக்கிழமை நான்தானே சொன்னேன். அப்பவே உனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நான் எதை அழகுன்னு சொன்னாலும் உள்ள ஒரு கோளாறு இருக்கும். உங்க மாமாவையே எடுத்துக்கோ."

"எனக்குக் காது கேக்குது" என்றார் மாமா உள்ளேயிருந்து.

"கேக்கட்டும்னுதான் சொல்றேன். சரிடி, என்ன பண்ணப்போற?"

சின்ன மிஸ் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தாள். கண்டக்டர் எடுத்ததும் அந்த நான்கு வரியும் ஒரே மூச்சில் தீர்ந்துவிட்டன. மறுமுனையில் டிவி சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அப்ப என் பொண்ணுக்குக் கணக்கு வருதா?"

"நல்லாவே வருது சார். தப்பு என்னுதுதான்."

"இதைத்தானே மிஸ் அவ ரெண்டு வாரமா இங்க வாதாடிட்டிருந்தா. மிஷின் எங்கயாவது பொய் சொல்லுமாடின்னு நான்தான் வாயை அடைச்சேன். எனக்கும் தெரியுமே, எங்க டிக்கெட் மிஷின் வாரத்துக்கு ரெண்டு நாள் கிறுக்குப் பிடிச்சு அலையுது." ஒரு கனைப்பு. "மிஸ், ஒரு உதவி. ஸ்பீக்கர்ல போடறேன். இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. பக்கத்துலதான் நிக்கறா."

அவள் இரண்டாவது தடவை சொன்னாள். இந்த முறை மெதுவாக, தாளைப் பார்க்காமல். "கேட்டுக்கிட்டேன் மிஸ்" என்று வக்கீலின் குரல் வந்தது. நீதிமன்றம் கலைந்த தொனி அதில் இருந்தது.

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அனுப்பிய அறிக்கையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், புதன்கிழமை வேறு அனுப்புகிறேன் என்று மேற்பார்வையாளருக்கு எழுதினாள். புதிய அறிக்கை பழையதில் பாதிதான் வந்தது. பழையதில் அவளுக்கு நிறையக் கருத்துகள் இருந்தன: கருவி குழந்தைகளைச் சமமாக நடத்துகிறது, முகம் பார்ப்பதில்லை, சலிப்பதில்லை. அவற்றில் சிலவற்றை இப்போதும் நம்பினாள். டேப் வந்ததிலிருந்து, கூச்சத்தில் வாயே திறக்காத நான்கு பிள்ளைகள் விடை சொல்கிறார்கள் என்பது உண்மை, அதை நீக்கவில்லை. ஏழாம் பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள். 'ஒரு மாணவி கருவியில் கோளாறு என்று முதல் வாரமே சொன்னாள். நான் கருவியை நம்பினேன்' என்ற இடத்தில் வேறு சொல் கிடைக்குமா என்று வெகுநேரம் பார்த்தாள். கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் கடைசி பெஞ்சில், பச்சைச் சுடிதாரைப் பற்றிச் சொன்ன பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குள்ளமான பெஞ்ச். முழங்கால் இடித்தது. அன்றைய பாடத்தின் தலைப்பு சராசரி. சின்ன மிஸ் பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, இது தப்பு, எங்கே தப்பு என்று கண்டுபிடியுங்கள் என்றாள். இருபத்து மூன்று பச்சைக் கேள்விகளை நீக்கிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. சண்டையும் நடந்தது. ஏணி போல ஏறிய கோடு கரும்பலகையில் சாக்பீஸால் மறுபடி வரையப்பட்டபோது கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது.

"அப்ப நாம மூணு வாரமா எதுவுமே முன்னேறலையா?" என்றாள் முதல் ரேங்க்காரி, அதிர்ந்துபோய்.

"கண்டுபிடிக்கறதுல முன்னேறியிருக்கோம்" என்றாள் வக்கீல்.

பிறகு டேப்புகள் வந்தன. எட்டாம் எண்ணுக்குப் பதில் அலுவலகத்தில் இருந்த உபரி ஒன்று. விடைகளின் இடம் ஒவ்வொரு கேள்விக்கும் மாறியது. முதலில் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் திரையைத் தொட வேண்டும், இரண்டும் ஒத்துப்போகாதவர்கள் கை தூக்க வேண்டும். இரண்டு கைகள் எழுந்தன. அவள் இரண்டு பேரிடமும் போய்க் குனிந்து கேட்டாள். ஒருவன் அவசரத்தில் பக்கத்துக் கட்டத்தைத் தொட்டிருந்தான். இன்னொருத்தி நோட்டில் தப்பாக எழுதிவிட்டுத் திரையில் திருத்திக்கொண்டிருந்தாள். அதை ஒத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. திட்டமிட்ட பாடத்தில் கடைசி இரண்டு கணக்குகள் அப்படியே நின்றன.

மேற்பார்வையாளர் எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "ஒரு கேள்வி" என்றார் பிள்ளைகளிடம். "இந்த டேப் எல்லாம் உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

வகுப்பு வக்கீலைத் திரும்பிப் பார்த்தது.

"வேணும் மேடம்" என்றாள் அவள். "ஸ்பெஷல் க்ளாஸையும் எடுத்துடாதீங்க. அங்க மிஸ் பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்க. நான் இனி போகலைன்னாலும் என் இடத்துக்கு ரெண்டு பேர் காத்திட்டிருக்காங்க."

மேற்பார்வையாளர் அதைக் குறித்துக்கொண்டாரா என்று சின்ன மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. பேனா நகர்ந்தது மட்டும் தெரிந்தது. மாடிப்படியில் கணக்கு சார் அவளைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கணக்கை விட்டுட்டியேம்மா" என்றார். தோற்ற அணியின் பயிற்சியாளர் போல அவர் முகம் இருந்தது.

மார்ச் ஆறாம் தேதி முடிவுகள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டன. அறிக்கைக்கு, தாமதத்துக்கான கழிவு போக, ஐம்பதுக்கு இருபத்தொன்று. பாடத்துக்கு நாற்பது. மொத்தம் அறுபத்தொன்று. ஜூன் முதல் தேதி அவள் ஆறாம் வகுப்பு அ பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள்.