கொசுவலை கட்டிய சரங்கள்

பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப் வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்குத்தான் பீரோவை விட்டு வெளியே வரும். பொட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இந்த வருஷம் ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரிக்காக இரண்டாம் முறையும் வந்திருந்தது. அதன் கண்ணாடியில் போன மாதத்துச் சந்தனம் காய்ந்து அப்பியிருப்பதை அறிவியல் டீச்சர் ரெபேக்காள் பார்த்துவிட்டாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அதிகாரி குனிந்துவிட்டார்.

“வெங்காயத் தோல் சார்,” என்றார் தலைமையாசிரியர் ஆதித்தன்.

“ஆகா! செல் ஒவ்வொண்ணும் என்ன தெளிவு!”

ரெபேக்காள் தலையாட்டி வைத்தாள். அவள் வேலை நிரந்தரமாக அதிகாரியின் கையெழுத்துதான் பாக்கி. அவர் மேசையிலோ அவள்மீது ஒரு புகார்.

கொடுத்தவர் மொக்கச்சாமி. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். நேரிலும் வந்து உட்கார்ந்திருந்தார். ஏலப்பூ காயாவதற்குத் தேனீ எவ்வளவு தேவை என்று ஆராய்ச்சி நடப்பதாக வானொலியில் கேட்ட ரெபேக்காள், நாமும்தான் பார்ப்போமே என்று ஆடியில் பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனாள். மொட்டு விட்டிருந்த பூச்சரங்களில் பாதிக்குக் கொசுவலைப் பை கட்டினார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். அதோடு, மறுபடி தோட்டத்துப் பக்கம் போகக் கூடாதென்று ஆதித்தன் தடை போட்டுவிட்டார். “விஞ்ஞானம் புஸ்தகத்துல இருக்கு டீச்சர், காட்டுல இல்ல!”

அதிகாரி புகாரை எடுத்தார். “என்ன நடந்துச்சு?”

“பிள்ளைக படிப்புன்னாகளேன்னு விட்டேன் சார்,” என்றார் மொக்கச்சாமி. “பையி கட்டுன சரத்துல காயே பிடிக்கல. அம்புட்டும் பூவோட போச்சு!”

ரெபேக்காள் துள்ளி எழுந்தாள். “நெசமாவாண்ணே? ஒண்ணுகூடவா பிடிக்கல?”

“சிரிக்கிறதப் பாருங்க சார்!”

“கட்டாத சரத்துல?”

“அதுக்கென்ன கொறச்சல்? கொத்துக் கொத்தாக் காய்ச்சுக் கெடக்கு.”

“ஒரே செடி, ஒரே மழை. பைக்குள்ள தேனீ மட்டுந்தேன் போகலண்ணே.”

மொக்கச்சாமியின் முகம் வெளிறியது. “ஆத்தாடி! ஆளுகளக் கொட்டுதேன்னு தேனடையெல்லாம் கொளுத்தச் சொல்லிட்டுல்ல வந்திருக்கேன்!” துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“இந்தப் புகார்?” என்றார் அதிகாரி.

“கிழிச்சுப் போடுங்க சார்! நான் வெரசாப் போகணும்!”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “இது உங்க வழிகாட்டல்ல நடந்த பரிசோதனைதானே, ஆதித்தன்?”

“ஆமா சார்,” என்றார் ஆதித்தன், கண் இமைக்காமல். “விஞ்ஞானமே காட்டுலதான சார் இருக்கு.”

கையெழுத்து விழுந்து, மை காய்ந்ததையும் பார்த்துக்கொண்ட பிறகு, ரெபேக்காள் முந்தானையால் மைக்ராஸ்கோப்பின் சந்தனத்தைத் துடைத்தாள். “இப்ப ஒரு தடவ பாக்குறீங்களா சார்?”

“வேண்டாம்மா. அப்பவே நல்லாத் தெரிஞ்சுது.”

சாயங்காலம் கீழே இறங்கிய ஜீப்பில் தகவல் வந்தது. கொளுத்தப் போனவர்கள் தேனீக்குப் பயந்து, மொக்கச்சாமி போய்ச் சேரும்வரை பந்தத்தைப் பற்றவைக்கவே இல்லையாம்.